ஐந்தாண்டு கிராண்ட், நான்காண்டுப் படிப்பு

"அக்கா, ரெண்டு எடத்துல இருந்து ஆஃபர் வந்திருக்கு. எதுல கையெழுத்துப் போடன்னு தெரியல" என்று போன மாதம் ஒரு தங்கை கூப்பிட்டாள். கோவில்பட்டிப் பக்கம். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அமெரிக்காவில் செல் உயிரியலில் நாலு வருடமாகப் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளர். ஒரு ஆஃபர், சின்ன மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) பாதையில் உதவிப் பேராசிரியர் வேலை. இன்னொன்று, பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு மாணவர் திட்டத்தின் இயக்குநர் வேலை. கறுப்பின, லத்தீன், பழங்குடி மாணவர்களும், வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத மாணவர்களும் அறிவியல் படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் முடித்து, பிஎச்டி வரை போகத் துணைநிற்கும் திட்டம் அது. அவளுடைய ஆய்வக பாஸ் மூன்றாவதாக ஒரு வழியும் சொல்லியிருக்கிறார்: "மொதல்ல டென்யூர் வாங்கு, ஊருக்கு உழைக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்."

இப்படிப்பட்ட திட்டங்களை நடத்தும் வேலையில் எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. அன்று இரவு அவளிடம் இரண்டு மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.

சம்பளத்துக்குப் போகும் முன்னால், இந்த வேலையில் என்னதான் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்களில் பலர் இதை ஏதோ தர்மகாரியம், ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று நினைக்கிறார்கள். 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். ஆர்வம் போதாது, பள்ளி அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். டிரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன அமெரிக்க மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய், கூடவே இருந்து கவனித்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்ன மணிக்கணக்குப்படி ஒழுங்காகத்தான் படித்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன மாணவர்கள் தனியே படித்தபிறகு ஒன்றுகூடி, ஒருவர் விடையை இன்னொருவர் கிழித்துத் தொங்கவிட்டு, யாராலும் முடியாத கணக்கு எது என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தனியே படிப்பவனுக்கு அந்தக் கணக்கு கடினமா, தான்தான் மக்கா என்று சொல்ல ஆளில்லை. டிரைஸ்மன் உடனே பின்தங்கியவர்களுக்கான ரெமெடியல் வகுப்பு வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். அந்தப் பட்டறை முறைதான் பின்னால் நாடு முழுக்கப் பரவியது.

அடுத்த பெரிய படி பால்டிமோர் பக்கத்து யூஎம்பிசி பல்கலைக்கழகத்தில் நடந்தது. ராபர்ட் மேயர்ஹாஃப் – ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியின் நன்கொடையில் 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம், அடுத்த வருடம் 19 கறுப்பின ஆண் மாணவர்களைச் சேர்த்தது. பிறகு பெண்கள் வந்தார்கள்; 1996-இல் எந்த இனத்தவரும் விண்ணப்பிக்கலாம் என்றானது. கல்லூரி தொடங்குமுன் ஆறு வாரக் கோடைப் பயிற்சி, முதலாண்டில் ஒரே விடுதி, குழுவாகப் படிப்பு, சீக்கிரமே ஆய்வகம், எப்போது கதவைத் தட்டினாலும் இருக்கும் ஊழியர்கள். மாடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமிட்ட ஆய்வில் முன்னணியில் இருந்த கிஸ்மேகியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர்தான். 2013-இல் பென் ஸ்டேட், சேப்பல் ஹில் பல்கலைக்கழகங்களிலும் இதே அச்சில் திட்டங்கள் தொடங்கின. அங்கும் பலன் தெரிந்ததால், 'அது அந்த ஊருக்கு, அந்த ஆளுக்கு மட்டும் சரிப்பட்டது' என்ற பேச்சு அடங்கியது.

ஆக இது கைத்திறன் உள்ள, முழுநேர வேலை. அதனால்தான் இயக்குநர் பதவி என்ற ஒன்றே இருக்கிறது. அந்த ஆஃபரை முதலில் பார்ப்போம்.

இயக்குநரின் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இடைத்தேர்வில் நூற்றுக்கு 38 வாங்கியவன் வந்து உட்காருவான். பாடத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்பான். கல்வி உதவித்தொகைக் கணக்கில் விட முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு, இரவு வேலைக்குப் போவதால் ஆய்வகத்தில் தூங்கி விழும் பெண்ணைப் பற்றி ஒரு பேராசிரியர் புகார் சொல்வார். மதியம், பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வாஷிங்டனுக்கு அனுப்பும் ஆண்டறிக்கை. பத்து வருடத்துக்கு முன் முடித்தவனைக்கூடத் தேடிப் பிடிக்க வேண்டும். நான் ஒருவனை அவன் அக்காவின் கேக் கடை மூலமாகப் பிடித்தேன். மாலையில் பரிந்துரைக் கடிதங்கள். கோடை வந்தால் பேராசிரியர்கள் காணாமல் போவார்கள். உங்களுக்கு அப்போதுதான் சீசன்.

எனக்கு இது பிடிக்கும். பதினெட்டு வயதில் வந்து, கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்கியவள் நாலாம் வருடம் மாநாட்டில் போஸ்டர் முன்னால் நின்று ஒரு பெரிய விஞ்ஞானியோடு மல்லுக்கு நிற்பதைப் பார்க்கிற சுகம் பேராசிரியர்களுக்கு வருடத்தில் ஒருமுறை கிடைத்தால் அதிகம். இயக்குநருக்கு அது வாரா வாரம்.

ஆனால் இயக்குநர் ஆசிரியரில்லை, ஸ்டாஃப். அந்தச் சொல்லின் கனம் உள்ளே போனபிறகுதான் தெரியும். உங்கள் மாணவர்கள் விழுகிற பாடத்தை மாற்ற உங்களுக்கு ஓட்டு கிடையாது. பேராசிரியர் குழுக் கூட்டத்தில் விருந்தாளியாக உட்காரலாம். ஒரு துறைத்தலைவர் மனது வைக்காவிட்டால் குழுப் பட்டறைக்கு ஒரு வகுப்பறைகூடக் கிடைக்காது. அதைவிடப் பெரிய சங்கதி, உங்கள் சம்பளம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது.

தங்கையிடம் ஒரு காகிதம் எடுக்கச் சொன்னேன். இத்தகைய திட்டங்களுக்கு வரும் அரசு கிராண்ட், அதாவது மானியப் பணம், பெரும்பாலும் ஐந்து வருடம். மாணவன் படிப்பது நாலு வருடம். முதல் வருடம் சேரும் அணி நாலாம் வருடம் முடிக்கும். இரண்டாம் வருட அணி ஐந்தாம் வருடம் முடிக்கும். மூன்றாம் வருடம் சேரும் அணி? அவர்கள் பட்டம் வாங்கும் முன்பே கிராண்ட் முடிந்துவிடும். ஐந்து அணி சேர்த்தால் இரண்டு அணிக்குத்தான் வாக்கைக் காப்பாற்றப் பணம் கையில் இருக்கிறது. மற்ற மூன்று அணியையும் 'புதுப்பிப்பார்கள்' என்ற நம்பிக்கையில் சேர்க்கிறோம். "என்னக்கா சொல்லுதீங்க?" என்றாள். இந்தக் கணக்கை இன்டர்வியூவில் யாரும் போட்டுக் காட்டமாட்டார்கள்.

எனக்கு அது நடந்திருக்கிறது. எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு மே மாதம், புதுப்பிப்பு இல்லை என்று கடிதம் வந்தது. மூன்றாம் வருடத்தில் பதினொரு பேர் நடுவில் நின்றார்கள். என் வேலை போவதைப் பற்றிக் கவலைப்படக்கூட நேரமில்லை. ஒவ்வொருவருக்கும் எந்தப் பேராசிரியரின் ஆய்வுப் பணத்திலிருந்து மணிக்கூலி தேற்றலாம் என்று கதவு கதவாகப் போனேன். ஏழு பேருக்குக் கிடைத்தது. டீன் அலுவலகத்தில் "வருத்தமாகத்தான் இருக்கிறது" என்றார்கள்.

பல்கலைக்கழகம் ஏன் காப்பாற்றுவதில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பேராசிரியர் ஒரு ஆராய்ச்சி கிராண்ட் கொண்டுவந்தால், கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று சொல்லிப் பல்கலைக்கழகம் அதன்மேல் தனியாக ஒரு சதவீதம் வாங்கிக்கொள்ளும். பெரிய இடங்களில் அது 50-ஐத் தாண்டும். தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் தரும் பயிற்சி கிராண்ட்டுகளில் அந்த வீதம் 8 தான். கல்வித்துறையின் மெக்னேர் திட்டத்திலும் 8. சேலஞ்சர் விண்கலத்தில் 1986-இல் இறந்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்னேர் பெயரில் உள்ள திட்டம் அது. அதே ஒரு டாலர் உங்கள் வழியாக வந்தால் நிர்வாகத்துக்குக் கிடைப்பது சில்லறை. பாராட்டுவிழாவில் உங்கள் மாணவர்கள் முதல் வரிசையில் உட்காருவார்கள். பட்ஜெட் கூட்டத்தில் உங்கள் திட்டம் கடைசி வரிசை.

அதோடு இப்போதைய காற்று வேறு. இனத்தைப் பார்த்துக் கல்லூரிச் சேர்க்கை தரும் முறையை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2023 ஜூனில் ரத்து செய்தது. டெக்சஸில் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடும் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2025-இல் என்ஐஎச் பல வருடங்களாக நடந்துவந்த மார்க், யூ-ரைஸ் முதலிய இளநிலைப் பயிற்சித் திட்டங்களை நிறுத்தியது. தனியார் அறக்கட்டளைப் பணம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் அதே வருடம் பிப்ரவரியில் எல்லாப் பின்னணி மாணவர்களையும் அறிவியலில் சேர்த்துக்கொள்வதற்கான தன் பெரிய கல்வித் திட்டத்தைத் திடீரென்று கைவிட்டது. தாக்குப்பிடித்த திட்டங்கள் 'முதல் தலைமுறை', 'குறைந்த வருமானம்' என்ற அடையாளங்களின்மேல் விண்ணப்பத்தை மாற்றி எழுதிக்கொண்டன. நமக்கு இது புதிதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில் படித்தவள்தானே அவள்.

சரி, பேராசிரியர் வேலை.

டென்யூர் பாதை என்றால் வழக்கமாக ஆறு வருடம் ஓட வேண்டும். ஆராய்ச்சி, கற்பித்தல், சேவை என்ற மூன்று தட்டில் நிறுப்பார்கள். மாணவர் திட்டம் நடத்துவது 'சேவை'த் தட்டில் விழும். அந்தத் தட்டுக்கு எடையே கிடையாது. சிறுபான்மை ஆசிரியர்கள்மேல் இப்படிக் கூடுதலாக விழும் சுமைக்கு அமடோ படியா என்ற ஆய்வாளர் 1994-இல் 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்தார். உங்கள் அறைக்குத்தான் எல்லா மாணவர்களும் அழ வருவார்கள், பக்கத்து அறைக்காரர் அந்த நேரத்தில் கட்டுரை எழுதி முடித்திருப்பார்.

இந்தப் பக்கத்துக்கும் பலம் உண்டு. டெக்சஸ் சட்டம்கூட வகுப்பில் நடத்தும் பாடத்தையும் ஆராய்ச்சியையும் தொடவில்லை, அலுவலகங்களைத்தான் தொட்டது. என்எஸ்எஃப் என்ற தேசிய அறிவியல் அறக்கட்டளை இளம் ஆசிரியர்களுக்குத் தரும் ஐந்தாண்டு 'கரியர்' விருதில் ஆராய்ச்சியையும் கல்விப் பணியையும் சேர்த்தே எழுத வேண்டும். அதில் கால்குலஸ் பட்டறை மாதிரி ஒன்றைக் கட்டினால் 'சேவை'யை ஆராய்ச்சித் தட்டுக்கே தள்ளிவிடலாம். சாமர்த்தியமானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவள் கவனிக்காத இன்னொன்றையும் சொன்னேன். பெரிய பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் வருடத்துக்கு இருபது பேர். சின்னப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குத் தரப்போகும் முதலாண்டு உயிரியல் வகுப்பில் நூற்றிருபது பேர். அதில் பாதிக்குமேல் முதல் தலைமுறை என்று துறைத்தலைவரே இன்டர்வியூவில் சொல்லியிருக்கிறார். அறிவியலைவிட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஓடுவது அந்த முதலாண்டு வகுப்பிலிருந்துதான். அங்கே பாடத்திட்டத்தில் அவளுக்கு ஓட்டு உண்டு. திட்டம் என்று பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் வேலை அதேதான். ஆனால் செமஸ்டருக்கு மூன்று வகுப்பு, சம்பளம் ஒன்பது மாதத்துக்கு. கோடையில் சாப்பிட கிராண்ட் எழுத வேண்டும்.

பாஸ் சொன்ன மூன்றாவது வழியைப் பற்றி எனக்கு அரைமனதுதான். டென்யூர் வாங்கியபின் செய்கிறேன் என்றவர்களில் பலர் வாங்கியபின் ஆய்வகத்தைப் பெரிதாக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு வருடம் ஒரு பக்கமாகவே இழுத்த மாடு அந்தப் பக்கம்தான் போகும். ஆனால் டென்யூர் உள்ள ஒருவர் திட்டத்தின் தலைமேல் இல்லாவிட்டால் அதற்கு முதுகெலும்பு கிடையாது என்பதும் உண்மை. மேயர்ஹாஃப் திட்டத்தைத் தொடங்கிய கணிதவியலாளர் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி அப்போது துணைப் புரோவோஸ்ட், அதாவது கல்வி நிர்வாகத்தின் உயர் அதிகாரிகளில் ஒருவர். 1992-இலிருந்து முப்பது வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே இருந்தார். மைக்கேல் சம்மர்ஸ் என்ற பெயர்பெற்ற உயிர்வேதியியலாளர் பக்கத்தில் நின்றார். அலுவலகத்தில் முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்தால்தான் தேர் நகரும்.

டீன், துணைப் புரோவோஸ்ட் மாதிரிப் பதவிகளைப் பற்றியும் அவள் கேட்டாள். அது இந்த வயதுக்கு எடுக்கிற முடிவில்லை. மாணவர் முகத்தைப் பார்க்காத வேலையும்கூட. விட்டுவிடு என்றேன்.

இனி விசா. இதைப் பேசாமல் நம்மவர் யாரும் முடிவெடுக்க முடியாது. இரண்டு வேலையும் பல்கலைக்கழக வேலை, ஆகவே எச்-1பி என்ற வேலை விசாவுக்கு லாட்டரி கிடையாது. அதுவரை சமம். கிரீன் கார்டுக்கு வரும்போதுதான் வித்தியாசம். வகுப்பெடுக்கும் பல்கலைக்கழக வேலைக்குத் தொழிலாளர் துறையில் தனிச் சலுகை உண்டு: விளம்பரத்துக்கு வந்தவர்களில் இவர்தான் ஆகச் சிறந்தவர் என்று காட்டினால் போதும். மற்ற வேலைகளுக்கு, குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவர் கிடைத்தாலே விண்ணப்பம் கவிழ்ந்துவிடும். இயக்குநர் பதவியில் வகுப்பு இல்லையென்றால் அது இரண்டாவது ரகம். வகுப்பு ஒன்றாவது பதவி விவரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் முதல் ரகத்துக்கு வாதாட வழி இருக்கிறது. தேர்வாகி 18 மாதத்துக்குள் அந்தச் சலுகை விண்ணப்பத்தைப் போட்டாக வேண்டும். இதைப் பல்கலைக்கழக வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள். நான் சட்டம் படித்தவளில்லை, ஆனால் இந்தக் குழியில் விழுந்தவர்களோடு காபி குடித்திருக்கிறேன்.

இன்னொரு சங்கடத்தையும் சொன்னேன். என்எஸ்எஃப் கணக்கில் ஆசியர்கள் 'குறைவாக இடம்பெற்ற' பிரிவில் வருவதில்லை. இந்தியப் பெயரோடு இந்த நாற்காலியில் உட்கார்ந்தால், 'உனக்கு எங்கள் கஷ்டம் என்ன தெரியும்' என்ற பார்வை முதல் செமஸ்டரில் வரும். பார்வை நியாயமானதுதான். கோவில்பட்டிக் கதையைச் சொல்லி அதை ஜெயிக்கப் பார்க்காதே; கறுப்பின மாணவனுக்கு இந்த நாட்டில் நடப்பது வேறு. சொன்ன நேரத்துக்கு அறையில் இரு, தருகிறேன் என்ற கடிதத்தைக் கொடு. இரண்டாவது செமஸ்டரில் அவர்களே கதை கேட்பார்கள்.

கடைசியாக, திரும்பி வரும் வழி. பேராசிரியராக இருந்து இயக்குநர் வேலைக்கு எந்த வயதிலும் மாறலாம், கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இயக்குநராக மூன்று வருடம் இருந்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாது. கட்டுரை நின்றுபோயிருக்கும், கை மறந்திருக்கும். "மைக்ராஸ்கோப்பை விட மனசு வருமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வரும்னு நெனைக்கேன். ஆனா வராமலும் போகலாம்" என்றாள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டாள். இயக்குநரின் சம்பளம் பல்கலைக்கழகத்தின் சொந்த பட்ஜெட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போ. பாதி அதில், பாதி கிராண்ட்டில் என்றால் யோசிக்கலாம். நான் இப்போது இருப்பது அப்படித்தான், தூக்கம் வருகிறது. முழுக்க கிராண்ட் என்றால் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நூற்றிருபது பேரைப் பார். உன் சம்பளம் நின்றால் இன்னொரு வேலை தேடிக்கொள்வாய். மூன்றாம் வருடத்தில் நிற்கிற பையனுக்கு இன்னொரு மூன்றாம் வருடம் கிடையாது.

மூன்று கேள்விகளை எழுதி அந்தப் பெரிய இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். கிராண்ட்டின் முதன்மை ஆய்வாளர் யார், அவர் டென்யூர் உள்ளவரா? பதவி விவரத்தில் ஒரு வகுப்பைச் சேர்க்க முடியுமா? கிராண்ட் நின்றால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களுக்கும் என் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு?

நேற்று கூப்பிட்டாள். முதல் கேள்விக்கு நல்ல பதில்: இருபது வருடமாக அங்கே இருக்கும் வேதியியல் பேராசிரியர். வகுப்பும் ஒன்று சேர்த்துத் தருகிறார்களாம். "மூணாவதுக்கு மட்டும், அத போன்ல பேசிக்கலாம்னு எழுதியிருக்காங்கக்கா."

எழுத்தில் கேட்டு வாங்கு என்றேன். கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது.